ஞாயிறு காலை டிபன்: தெருமுனை மெஸ்ஸா, பெரிய ஓட்டலா, பார்சலா?

ஞாயிற்றுக்கிழமை காலை டிபனை வெளியே சாப்பிடுவதற்கு ருசியை முதல் காரணமாக நான் சொல்ல மாட்டேன். வீட்டில் தோசை என்றால் ஒருவர் கல்லுக்கு முன்னால் நின்றாக வேண்டும். மற்றவர்கள் சுடச்சுடச் சாப்பிட்டு எழுந்த பிறகு, வழித்தெடுத்த சட்னியோடு கடைசித் தோசையை அவர் சாப்பிடுவார். பெரும்பாலான வீடுகளில் அது அம்மா, இல்லையென்றால் மனைவி. வாரத்தில் ஆறு நாள் நடப்பது ஏழாம் நாளும் நடக்க வேண்டாம் என்றால் எல்லோரும் சேர்ந்து கிளம்பத்தான் வேண்டும். எங்கே என்பதில்தான் சண்டை.

நாங்கள் இருப்பது சென்னை மேற்கு மாம்பலம். நடந்து போகும் தூரத்தில் சின்னச் சின்ன மெஸ்கள். துரைசாமி சப்வேயைத் தாண்டினால் தி.நகர்ப் பக்கம் ஏசி போட்ட பெரிய சைவ ஓட்டல்கள். ஆட்டோ பிடித்தால் மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் பேர்போன பழைய கடைகள். எதற்கும் எழுந்திருக்க மனமில்லை என்றால் கையில் போன் இருக்கிறது. இந்த நான்கில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது. யாரெல்லாம் வருகிறார்கள், எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், என்ன சாப்பிட நினைக்கிறீர்கள் என்று கேட்டால் சொல்லலாம். ஆனாலும் என் ஓட்டு தெருமுனை மெஸ்ஸுக்குத்தான். அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு நடுநிலை இல்லை என்று கோபிக்க வேண்டாம்.

முதலில் மெஸ். ஏழெட்டு மேஜை, அதிலும் முன்பின் தெரியாத ஒருவர் எதிரில் உட்கார்ந்திருப்பார். மெனு கார்டு கிடையாது. சுவரில் ஒரு பலகை இருக்கும், அதில் சில விலைகளின் மேல் காகிதம் ஒட்டிப் புது விலை எழுதியிருப்பார்கள். (கடைக்காரர்கள் வாங்கும் 19 கிலோ வணிக சிலிண்டரின் விலை மாதம் பிறந்தால் மாறும். வீட்டு சிலிண்டர் அப்படி அடிக்கடி ஆடுவதில்லை. அந்தக் காகிதத் துண்டுக்கு இதுவும் ஒரு காரணம்.) சப்ளையர் வந்து "இட்லி, பொங்கல், வடை, பூரி, தோசை" என்று ஒரே மூச்சில் ஒப்பிப்பார். தட்டில் இலை போட்டு, இட்லி வைத்து, சாம்பார் வாளியோடு இரண்டு முறையாவது நம்மைக் கடந்து போவார்.

மெஸ்ஸில் நேரம்தான் எல்லாம். ஆறரை மணிக்கு முதல் ஈடு இட்லி இறங்கும். ஏழு மணிக்கு வடை. பொங்கல் அண்டாவிலிருந்து வந்த முதல் ஒரு மணி நேரம் தளதளவென்று இருக்கும், நெய்யும் மிளகும் தனித்தனியாகத் தெரியும். எட்டரைக்கு மேல் அது இறுக ஆரம்பிக்கும், வெந்நீர் விட்டுக் கிளறி இளக்குவார்கள். ஒன்பதரைக்கு மேல் சாம்பாருக்கும் அதே கதி. பருப்பு அடியில் நிற்கும், மேலே ரசம் போல ஒன்று வரும். அதே கடை, அதே கை, ஆனால் ஏழேகாலுக்குச் சாப்பிட்டவரும் ஒன்பதே முக்காலுக்குச் சாப்பிட்டவரும் இரண்டு வெவ்வேறு கடைகளைப் பற்றிப் பேசுவது போலப் பேசுவார்கள். இணையத்தில் ஒரு மெஸ்ஸுக்கு ஐந்து நட்சத்திரமும் ஒரு நட்சத்திரமும் மாறி மாறி விழுவதைப் பார்த்தால் எத்தனை மணிக்குப் போனார்கள் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

தோசைக்கு மட்டும் இந்தக் கணக்கு தலைகீழ். காலையில் கல் சூடேறி, எண்ணெய் பழகி, நாலைந்து தோசை போன பிறகுதான் முறுகல் சரியாக வரும். அதனால் முதல் ஆளாகப் போய் ரோஸ்ட் கேட்காதீர்கள். இட்லி, வடையில் ஆரம்பித்து, தோசையைக் கடைசியில் சொல்லுங்கள்.

இதெல்லாம் உணவு விஷயம். மெஸ்ஸை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் வேறு. தொடர்ந்து போகிற கடையில் சப்ளையர் நம்மைக் காப்பாற்றுவார். "பொங்கல் வேணாம் சார், ஆறிப்போச்சு. பூரி போடச் சொல்றேன், ரெண்டு நிமிஷம்." இந்த ஒரு வரியைப் பெரிய ஓட்டலில் கேட்கவே முடியாது. அங்கே சீருடை அணிந்த பையன் மரியாதையாகத்தான் பேசுவான், ஆனால் சமையற்கட்டில் எது நன்றாக இருக்கிறது, எது இல்லை என்று சொல்ல அவனுக்கு உரிமை கிடையாது. மெஸ்ஸில் கல்லாவில் இருப்பவரே முதலாளி. அவரே காலையில் சாம்பாரை ருசி பார்த்திருப்பார். எதிர்வீட்டுத் தாத்தாவுக்குச் சர்க்கரை இல்லாத காபி என்பது அவர் சொல்லாமலே வந்துவிடும். இரண்டு வாரம் போகாவிட்டால் "ஊருக்குப் போயிருந்தீங்களா?" என்று விசாரணை நடக்கும். தனியாக வாழும் வயதானவர்களுக்கு இந்த விசாரணை சாதாரண விஷயமில்லை.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு விலையும் உண்டு. தெரிந்த முகம் என்று ஆகிவிட்டால் குறை சொல்லக் கூச்சமாக இருக்கும். சட்னியில் உப்பு தூக்கலாக இருந்தால் பெரிய ஓட்டலில் கூப்பிட்டு மாற்றச் சொல்லலாம். மெஸ்ஸில் பேசாமல் சாப்பிட்டுவிட்டு, "எப்படி இருந்தது?" என்று கேட்டால் தலையை ஆட்டிவிட்டு வருவோம்.

அப்புறம், அன்பாக இருக்கிறார்கள் என்பதற்காக நிதானமாக உட்கார்ந்து பேசலாம் என்று நினைத்துவிடக் கூடாது. ஞாயிறு எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை உங்கள் நாற்காலிக்குப் பின்னால் ஒரு குடும்பம் நின்றுகொண்டிருக்கும். அதிலிருக்கும் குழந்தை உங்கள் வடையையே பார்த்துக்கொண்டிருக்கும். இருபது நிமிடத்தில் எழுந்துவிட வேண்டும், அதுதான் அங்கே நாகரிகம். பழைய கல்லூரி நண்பர்களைச் சந்தித்து ஒரு மணி நேரம் கதையடிக்க மெஸ் சரிப்படாது. அதற்குப் பெரிய ஓட்டலின் ஏசி இல்லாத ஹாலுக்குப் பத்தரை மணி வாக்கில் போங்கள். காலைக் கூட்டம் வடிந்து, மதியச் சாப்பாட்டுக் கூட்டம் வராத இடைவெளி அது. ஆளுக்கு இரண்டு காபி வாங்கினால் யாரும் எழுப்ப மாட்டார்கள்.

பெரிய ஓட்டலை நான் மட்டம் தட்டவில்லை. அப்பா அம்மாவையோ கைக்குழந்தையையோ அழைத்துப் போகும் நாளில் அதைத் தவிர வேறு வழியில்லை. மெஸ்களில் பெரும்பாலும் வாசலிலேயே இரண்டு உயரப் படி இருக்கும். கழிப்பறை இருக்காது, இருந்தாலும் கேட்காமல் இருப்பது நல்லது. முழங்கால் வலிக்காரர் ஒருவர் பின்னால் நிற்பவர்களின் அவசரத்துக்காக வேகமாகச் சாப்பிட்டு எழுவதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும். பெரிய ஓட்டலில் சாய்வுப் பாதை, சாய்ந்து உட்கார நாற்காலி, குழந்தைக்கு உயர நாற்காலி, வண்டி நிறுத்த ஒரு ஆள் எல்லாம் உண்டு. குழந்தைகளுக்கு அங்கே இன்னொரு வசதியும் இருக்கிறது. சாம்பாரில் மிதக்கும் 14 குட்டி இட்லி. எண்ணிக்கொண்டே சாப்பிடலாம் என்பதாலேயே தட்டு காலியாகிவிடும். எதைச் சொல்வது என்று தெரியாதவர்களுக்கு மினி டிபன். கொஞ்சம் இட்லி, கொஞ்சம் பொங்கலோ கிச்சடியோ, சின்னத் தோசை, கேசரி, காபி என்று எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கலாம். எதிலும் மனம் நிறையாது, அது வேறு விஷயம்.

பெரிய ஓட்டலின் பலம் மாறாத தன்மை. எட்டு மணிக்கும் பத்தரைக்கும் சட்னி ஒரே மாதிரி இருக்கும். பலவீனமும் அதுவே. கிளைகள் பெருகிய ஓட்டல்களில் சாம்பார் எந்த ஊரில் சாப்பிட்டாலும் ஒரே இனிப்பு, ஒரே நிறம். 1981-இல் கே.கே.நகரில் ஒரு கடையாகத் தொடங்கிய சரவண பவன் பிறகு பல நாடுகளுக்குப் போனதற்கு இந்த மாறாத தன்மை பெரிய காரணம் என்று நினைக்கிறேன். பயணத்தில் இருப்பவருக்கு அது வரம். ஞாயிறு காலை வீட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பவருக்கு அது தேவைதானா என்பதுதான் என் சந்தேகம்.

பணக் கணக்கைப் பார்த்துவிடுவோம். எங்கள் பேட்டையில் இப்போதைய விலை தோராயமாக இப்படி: மெஸ்ஸில் இரண்டு இட்லி 30, வடை 20, பொங்கலோ தோசையோ 60, காபி 25. ஆளுக்கு 135, நான்கு பேருக்கு 540 ரூபாய். ஏசி ஹாலில் அதே உருப்படிகள் 60, 50, 120, 60 என்று ஆளுக்கு 290 ஆகிவிடும். நான்கு பேருக்கு 1160, அதன் மேல் 5 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 1218. இரண்டு மடங்குக்கும் மேல். அதே ஓட்டலில் ஏசி இல்லாத ஹால் இருந்தால் விலை குறையும், அதைக் கேட்டுப் பாருங்கள். கேட்காவிட்டால் நேரே ஏசிக்குத்தான் அனுப்புவார்கள். சின்ன மெஸ் பில்லில் ஜிஎஸ்டி இருந்தால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். காம்பொசிஷன் திட்டத்தில் (சிறு கடைகள் மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் ஏற்பாடு) இருக்கும் கடைகள் வரியைத் தாங்களே கட்ட வேண்டும், வாடிக்கையாளரிடம் தனியாக வாங்கக் கூடாது.

இந்தப் பேச்சில் அம்மா உணவகத்தை யாரும் சேர்ப்பதில்லை. 2013-இல் தொடங்கிய அதில் இட்லி ஒரு ரூபாய், பொங்கல் ஐந்து ரூபாய் என்று வைத்தார்கள். குடும்பத்தோடு ஞாயிறு காலையைக் கழிக்கிற இடம் இல்லை அது. தட்டை வாங்கி நின்றபடி சாப்பிட்டுப் போகிற இடம். ஆனால் அறையில் தனியாக இருக்கிற பையனுக்கோ, ஞாயிறும் வேலைக்குப் போகிறவருக்கோ, கொதிக்கக் கொதிக்கச் சாம்பாரோடு வயிறு நிறைய வேண்டும் என்றால் இந்த விலைக்கு எந்த மெஸ்ஸும் போட்டி போட முடியாது.

பேர்போன பழைய கடைகளுக்கு வருவோம். திருவல்லிக்கேணி ரத்னா கஃபே 1948-இல் தொடங்கியது. அங்கே இட்லிக்குச் சாம்பார் ஊற்றுவதில்லை, சாம்பாருக்குள் இட்லியை இறக்குகிறார்கள் என்றே சொல்லலாம். தீரத் தீர ஊற்றுவார்கள். மயிலாப்பூர் அருண்டேல் தெருவில் ராயர் மெஸ், இருக்கைகள் கொஞ்சமே. உள்ளே ஒரு பந்தி எழும் வரை வெளியே காத்திருக்க வேண்டும். கெட்டிச் சட்னிக்கும் பொங்கலுக்கும் வடைக்கும் அந்தக் காத்திருப்பு தகும். கபாலீசுவரர் கோயிலுக்குப் போய்விட்டு வருகிற வழியில் என்றால் இன்னும் பொருத்தம். ஆனால் மாம்பலத்திலிருந்து கிளம்பி, ஆட்டோவுக்குக் கொடுத்து, அரை மணி நேரம் வாசலில் நின்று சாப்பிடுவது வாரா வாரம் செய்கிற காரியமா? வெளிநாட்டிலிருந்து தம்பி குடும்பம் வந்திருக்கும்போது செய்யலாம். அப்படிப் போனாலும் இரண்டு இட்லி அங்கே, வடகறி சைதாப்பேட்டை மாரி ஓட்டலில் என்று ஒரே காலையில் இரண்டு இடம் வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டாவது இடத்தில் எதுவும் ருசிக்காது.

அசைவக்காரர்களுக்கு ஞாயிறு காலை என்றால் இடியாப்பம், ஆட்டுக்கால் பாயா. திருவல்லிக்கேணி, மண்ணடிப் பக்கம் நேரத்தோடு போனால் கிடைக்கும். எங்கள் தெருவில் அதற்கு வழியில்லை என்பதால் நான் அதிகம் பேசப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். மதியம் வீட்டில் கறிக்குழம்போ பிரியாணியோ இருந்தால் காலை டிபனை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள், அதுவும் இட்லியோடு. பத்து மணிக்குப் பூரிக் கிழங்கை வளைத்துக் கட்டிவிட்டு, ஒன்றரைக்குத் தட்டின் முன்னால் முழிப்பவர்கள் எல்லா வீட்டிலும் ஒருவர் இருக்கிறார்.

இனி பார்சலும் டெலிவரியும். இங்கே கடை எது என்பதை விட உருப்படி எது என்பதுதான் முக்கியம். தோசையைப் பெட்டியில் அடைத்த நிமிடமே அதன் கதை முடிந்தது. அதன் ஆவியே அதை நனைத்துவிடும். பூரி உப்பல் இறங்கித் தோல் போல ஆகிவிடும். பொங்கல் வீடு வருவதற்குள் கட்டியாகிவிடும், கொஞ்சம் வெந்நீரும் நெய்யும் விட்டால் பிழைக்கும். இட்லி இலையில் சுற்றி வந்தால் அரை மணி நேரம் தாங்கும். நன்றாகப் பயணம் செய்பவை ஊத்தப்பம், அடை, இடியாப்பம், வடகறி. சாம்பார் வடையோ வழியில் ஊற ஊற நன்றாகத்தான் ஆகிறது. டெலிவரிக்கு இந்த ஐந்தைத் தவிர எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். முறுகல் ரோஸ்ட்டை ஆப்பில் ஆர்டர் செய்துவிட்டு ஒரு நட்சத்திரம் போடுகிறவர்கள் மேல் எனக்கு இரக்கமே கிடையாது.

ஆப் செலவும் சும்மா இல்லை. பல கடைகளில் ஆப்பில் போட்டிருக்கும் விலையே நேரில் வாங்குவதை விடக் கூடுதல், கமிஷனை அதில்தான் ஈடுகட்டுகிறார்கள். அதன் மேல் பேக்கிங், டெலிவரி, வரி. ஆப் நிறுவனம் தனக்கென்று வாங்கும் பிளாட்ஃபார்ம் கட்டணம், 2023-இல் ஓர் ஆர்டருக்கு 2 ரூபாயாக ஆரம்பித்தது, இப்போது பத்து ரூபாயைத் தாண்டிவிட்டது. ஒரு ஞாயிறு, நாங்கள் சொன்ன பொங்கல் வர ஒரு மணி நேரம் ஆனது. கடையோ ஆறு தெரு தள்ளி இருக்கிறது. பிள்ளைகள் அதற்குள் பிஸ்கட்டை முடித்துவிட்டார்கள்.

மழை நாளில், அல்லது யாருக்காவது உடம்பு சரியில்லாத நாளில், ஒருவர் குடையோடு மெஸ்ஸுக்கு நடப்பது இதை விட எவ்வளவோ மேல். 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. சாம்பாரைப் பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கொடுக்கக் கூடாது, ஆனாலும் சில இடங்களில் கட்டத்தான் செய்கிறார்கள். ஒரு தூக்குவாளியும் ஒரு ஹாட்பாக்ஸும் எடுத்துப் போங்கள். கொதிக்கிற சாம்பார் கவரில் இறங்காது என்பது ஒன்று. இன்னொன்று, பாத்திரத்தைப் பார்த்தால் கரண்டி தாராளமாக விழும். கவருக்கு ஓர் அளவு உண்டு, தூக்குவாளிக்கு ஊற்றுகிறவரின் மனசுதான் அளவு. இட்லியை ஹாட்பாக்ஸில் வைக்கும்போது மேலே ஒரு துணி போட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் மூடியில் சேரும் நீர் இட்லி மேலேயே சொட்டும்.

வீட்டில் செய்வதை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. மாவு இருந்தால் நான்கு பேருக்கு நூறு ரூபாய்க்குள் முடியும். எங்கள் வீட்டில் இதற்கு ஓர் ஒப்பந்தம் வந்திருக்கிறது. வீட்டில் டிபன் என்றால் இட்லி மட்டும், தோசை கிடையாது. இட்லி என்றால் ஒரே ஈட்டில் எல்லோருக்கும் எடுத்து, எல்லோரும் ஒன்றாக உட்காரலாம். தோசை வேண்டும் என்று கேட்பவர் கல்லின் முன்னால் தானே நிற்க வேண்டும். இந்த விதி வந்த பிறகு தோசை கேட்கும் குரல் வெகுவாகக் குறைந்துவிட்டது.

சுத்தத்தைப் பற்றியும் கேட்பீர்கள். ஏசியைப் பார்த்துச் சுத்தத்தை முடிவு செய்யாதீர்கள். சமையற்கட்டு கண்ணில் படுகிற மெஸ் எனக்குப் பிடிக்கும். வடைச் சட்டியில் எண்ணெய் கறுத்து நுரை தள்ளுகிறதா, டம்ளர்கள் வெந்நீரில் அலசப்படுகின்றனவா, கை கழுவும் இடம் எப்படி இருக்கிறது என்ற மூன்றையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துவிடலாம். எண்ணெய் கறுத்திருந்தால் அன்று வடை வேண்டாம், இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

காபிக்குத் தனித் தீர்ப்பு. டிபனில் ஜெயிக்கிற மெஸ் காபியில் தோற்பது உண்டு. ஒன்பது மணிக்கு மேல் பல இடங்களில் இரண்டாம் டிகாக்‌ஷன்தான். நிறம் வரும், வாசனை வராது. அதனால் டிபனை ஓர் இடத்திலும் காபியை வாசலில் டபரா டம்ளரோடு நின்று குடிக்கிற கடையிலும் வைத்துக்கொள்பவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். மெஸ்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார், ஒரு மேஜை சீக்கிரம் காலியாகிறது அல்லவா.

கடைசியாக, கிளம்புவதற்கு முன் ஒன்றை விசாரித்துவிடுங்கள். அலுவலகம் போகிறவர்களையும் அறையில் தங்கியிருப்பவர்களையும் நம்பி நடக்கும் மெஸ்களில் சில, ஞாயிற்றுக்கிழமை திறப்பதே இல்லை. தீபாவளி, பொங்கலுக்கு வேலையாட்கள் ஊருக்குப் போய்விட்டால் வாரக் கணக்கில் கதவு மூடியிருக்கும். அந்த நாட்களில் எல்லோரும் பெரிய ஓட்டலுக்குத்தான் வருவார்கள். ஏழு மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டால் டோக்கன் வாங்கிக் காத்திருக்க வேண்டியிருக்காது.